டிராக்டரின் பி.டி.ஓ. இணைப்பும் பின்கருவியும்: காயம் நேரும் மூன்று தருணங்கள்

புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் கரிசல் காட்டு உழவும், தை, மாசி மாதங்களில் மக்காச்சோளம் அடிக்கும் வேலையும் சாத்தூர் வட்டாரத்தில் மும்முரமாக நடைபெறும். அந்நாட்களில் எங்கள் எலும்பு முறிவுச் சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு குறிப்பிட்ட வகைக் காயத்துடன் நோயாளிகள் வருகின்றனர். அரிவாள் பட்ட காயம் நேர்கோடாக இருக்கும். இது முறுக்கி இழுக்கப்பட்ட காயம். உடன் வருவோர் வழக்கமாக இரண்டு விளக்கங்களைக் கூறுவர். "லிவரைத் தள்ளிவிட்டோம், நின்றுவிட்டதென்று நினைத்தோம்" என்பது ஒன்று. "துண்டுதான் பட்டது, கை படவே இல்லை" என்பது மற்றொன்று.

இரண்டும் உண்மையான கூற்றுகளே. டிராக்டரின் பின்னே பூட்டப்பட்ட கருவி எப்போது சுழலத் தொடங்குகிறது, எவ்வளவு விரைவாகச் சுழல்கிறது, எப்போது முற்றிலும் நிற்கிறது என்பவற்றைக் களத்தில் நிற்கும் அனைவரும் அறிந்திராததால்தான் இக்காயங்கள் நேர்கின்றன. ஆகவே ஓட்டுநர்களுக்கு மட்டுமின்றி, கதிர் எடுத்துக் கொடுக்கும் பெண்களுக்கும், சாக்குப் பிடிக்கும் இளைஞர்களுக்கும், களத்தில் பிள்ளைகளை விளையாட விடும் பெற்றோர்க்கும், இப்போது எங்களிடம் சிகிச்சை பெற்று வரும் உழவர்களின் குடும்பத்தார்க்கும் சேர்த்தே இதனை எழுதுகிறோம்.

நம் பகுதியில் வெடிமருந்தின் ஆபத்தை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டாசு அறையொன்றில் நான்கு பேருக்கு மேல் இருக்கலாகாது என்பதைச் சிறு பிள்ளைகளும் அறிவர். அதே குடும்பத்தினர் காட்டு வேலைக்குச் செல்லும்போது, சுழலும் தண்டைத் தாண்டிக் கடந்து போவதை நாங்கள் கண்டிருக்கிறோம். மருந்துக்கு அஞ்சும் அளவு தண்டுக்கும் அஞ்ச வேண்டும் என்பதற்கான காரணங்களை வரிசையாகக் காண்போம்.

பி.டி.ஓ. என்பது யாது?

டிராக்டரின் பின்புறத்தில், ஏர் கலப்பை பூட்டும் இரு கைகளுக்கு நடுவே, பல்வரிகள் கொண்ட குட்டையான இரும்புத் தண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். இதுவே பி.டி.ஓ. எஞ்சினின் ஆற்றலைச் சக்கரங்களுக்கு அனுப்பாமல் நேரே பின்கருவிக்கு அனுப்பும் வழி இது. இதனையும் கருவியையும் இணைப்பது, இருமுனைகளிலும் யுனிவர்சல் ஜாயின்ட் உடைய நீண்ட தண்டு. ரோட்டாவேட்டர், கதிரடிக்கும் இயந்திரம், மக்காச்சோளம் அடிக்கும் இயந்திரம், மருந்து தெளிப்பான், நீர் இறைக்கும் பம்பு ஆகிய பலவும் இத்தண்டினாலேயே இயங்குகின்றன.

பெரும்பாலான டிராக்டர்களில் இத்தண்டின் நிர்ணயிக்கப்பட்ட வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. அதாவது ஒரு நொடிக்கு 9 சுற்று. இந்த எண்ணை ஒரு துணியோடு பொருத்திப் பாருங்கள். இணைப்புத் தண்டின் விட்டம் ஆறரை சென்டிமீட்டர் எனில், அதன் சுற்றளவு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். நொடிக்கு 9 சுற்று என்றால் 1.8 மீட்டர் துணி சுருட்டப்படும். நான்கு முழ வேட்டியின் நீளமும் ஏறக்குறைய அவ்வளவே. துணி மாட்டியதை உணர்ந்து, கையை உதறவோ கூவவோ மனிதருக்கு முக்கால் நொடியிலிருந்து ஒரு நொடி வரை ஆகும். அதற்குள் வேட்டி முழுவதும் தண்டில் சுற்றப்பட்டு, உடல் தண்டை நெருங்கியிருக்கும். "துண்டுதான் பட்டது" என்று கூறப்படுவதன் பொருள் இதுவே.

முதல் தருணம்: இணைக்கும் நொடி

லிவரைத் தள்ளி பி.டி.ஓ.வை இணைக்கும்போது, அசையாதிருந்த கனமான கருவி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினோடு திடீரெனப் பிணைக்கப்படுகிறது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது இணைத்தால் கருவி படிப்படியாக வேகம் பிடிக்கும். எஞ்சினை முறுக்கிவிட்டபின் இணைத்தால் அந்த அதிர்ச்சி முழுவதும் கிளட்ச், யுனிவர்சல் ஜாயின்டின் கிராஸ், கருவியின் பல்சக்கரப் பெட்டி ஆகியவற்றின் மீது விழும். சுழலும் பொருளின் ஆற்றல் அதன் வேகத்தின் இருமடிப் பெருக்கமாக உயர்கிறது. வேகம் மூன்றில் ஒரு பங்காயின் ஆற்றல் ஒன்பதில் ஒரு பங்கு மட்டுமே. குறைந்த வேகத்தில் இணைத்து, பின் மெல்ல உயர்த்துதல் கருவியின் ஆயுளைக் கூட்டும். அருகில் நிற்போரின் உயிரையும் காக்கும்.

இவ்வதிர்ச்சியைத் தாங்குவதற்கென்றே பல கருவிகளில் ஒரு சிறு போல்ட் பொருத்தப்பட்டிருக்கும். சுமை அளவுக்கு மீறினால் அது முதலில் உடைந்து, விலையுயர்ந்த பல்சக்கரங்களைக் காப்பாற்றும். வீட்டு மின்பெட்டியில் உள்ள ஃபியூஸ் கம்பிக்கு நிகரானது அது. அடிக்கடி உடைகிறது என்று எண்ணி, அதற்குப் பதிலாகக் கடினமான போல்ட்டையோ கம்பித் துண்டையோ செருகுவோர் உளர். அப்போது சுமையை ஏற்கும் அடுத்த பாகம் உடையும். அது தண்டாகவோ கிராஸாகவோ இருந்தால், உடைந்த முனை சவுக்குப்போல் சுழன்று அருகிலுள்ளோரைத் தாக்கும்.

ரோட்டாவேட்டரில் இது தெளிவாகத் தெரியும். பி.டி.ஓ.வின் சுழற்சி பல்சக்கரப் பெட்டியில் செங்கோணமாகத் திரும்பி, கத்திகள் பொருத்திய உருளையை நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 சுற்று சுழற்றுகிறது. காய்ந்த கரிசல் மண் கல்லைப்போல் இறுகியிருக்கும். கத்திகளை மண்ணில் இறக்கி வைத்துக்கொண்டு பி.டி.ஓ.வை இணைத்தால், கத்திகள் மண்ணை வெட்ட இயலாமல் அதையே சக்கரம்போல் மிதித்து டிராக்டரை முன்னே தள்ளும். டிராக்டரின் முன் நிற்பவருக்கு இது ஆபத்து. தரைக்குச் சற்று மேலே கருவியை வைத்து, மெதுவாக இணைத்து, டிராக்டர் நகரத் தொடங்கியபின் இறக்குவதே முறை.

இணைக்கும் நொடியில் காயமுறுவோர் பெரும்பாலும் ஓட்டுநர் அல்லர். பின்னே கருவியைச் சரிசெய்துகொண்டிருப்பவர். இருக்கையில் அமர்ந்தவருக்குப் பின்னால் குனிந்திருப்பவர் தெரிவதில்லை. எனவே, லிவரைத் தொடும் அதிகாரம் ஒருவருக்கே இருத்தல் வேண்டும். அவர் திரும்பிப் பார்த்து, உரக்கக் குரல் கொடுத்து, பதில் குரல் வந்தபின்னரே இணைக்க வேண்டும்.

இரண்டாம் தருணம்: ஓடிக்கொண்டிருக்கும் நேரம்

இரட்டைக் கிளட்ச் உடைய டிராக்டர்களில், கிளட்ச் மிதியைப் பாதி அழுத்தினால் சக்கரங்கள் நிற்கும், பி.டி.ஓ. தொடர்ந்து சுழலும். முழுவதும் அழுத்தினால்தான் பி.டி.ஓ.வும் துண்டிக்கப்படும். வேறு சில டிராக்டர்களில் பி.டி.ஓ.வுக்குத் தனி லிவரும் தனிக் கிளட்சும் உண்டு. அவற்றில் மிதியை எவ்வளவு அழுத்தினாலும் பின்கருவி நிற்காது. "டிராக்டர் நின்றுவிட்டது" என்பதால் "கருவியும் நின்றுவிட்டது" என்று கொள்ளலாகாது. தம் வீட்டு டிராக்டர் இவற்றுள் எவ்வகை என்பதைக் குடும்பத்தார் அனைவரும் ஓட்டுநரிடம் கேட்டறிதல் நலம்.

ஓடும் நேரத்தில் தண்டைக் காப்பது, அதன்மேல் பொருத்தப்படும் பிளாஸ்டிக் உறை. அவ்வுறை சுழலாமலிருக்க ஒரு சிறு சங்கிலியால் கட்டப்பட்டிருக்கும். உறை உடைந்தாலும், சங்கிலி அறுந்து உறையே தண்டோடு சேர்ந்து சுழன்றாலும், பாதுகாப்பு இல்லை என்றே பொருள். வழவழப்பாகத் தோன்றும் தண்டில்கூட போல்ட் தலையும், பூட்டு ஊசியும், ஒட்டிய மண்ணும் துணியைக் கவ்விக்கொள்ளும்.

ரோட்டாவேட்டரை வரப்பில் திருப்பும்போது பி.டி.ஓ.வைத் துண்டிக்காமல் உயரத் தூக்குவது வழக்கமாகிவிட்டது. அப்போது யுனிவர்சல் ஜாயின்ட் அளவுக்கு மீறி வளைகிறது. ஒவ்வொரு சுற்றிலும் வேகம் ஏறி இறங்கித் தண்டு அதிரும். கடகடவென்ற ஓசை கேட்பது அதனால்தான். அவ்வோசை, தண்டு முறிவதற்கு முன் தரும் எச்சரிக்கை.

கதிரடிக்கும் இயந்திரத்தில் ஆபத்து ஊட்டுவாயில் உள்ளது. உருளையின் பற்கள் கதிரைக் கவ்வும் வேகத்தில், கதிரைப் பிடித்த கையும் உடன் செல்லும். அடைத்துக்கொண்ட கதிரைக் கையாலோ காலாலோ தள்ளுவதே பெரும்பாலான கைக்காயங்களுக்குக் காரணம். ஊட்டுவாய் போதிய நீளமும் மேல்மூடியும் கொண்டிருந்தால் கை உருளையை எட்டாது. மூடியைக் கழற்றிவிட்டால் வேலை விரைவாக நடக்கும் என்பது உண்மையாயினும், அந்த விரைவின் விலை ஒரு கை.

மூன்றாம் தருணம்: லிவரைத் தள்ளிய பின்

பி.டி.ஓ.வைத் துண்டித்தவுடன் எஞ்சினின் ஆற்றல் நின்றுவிடும். ஆனால் கருவியில் சேர்ந்துள்ள ஆற்றல் நிற்பதில்லை. கதிரடிக்கும் இயந்திரத்தின் கனமான உருளையும் பெரிய சக்கரமும் தம் வேகத்திலேயே தொடர்ந்து சுழலும். எஞ்சின் ஓசை அடங்கியதும் காது "நின்றுவிட்டது" என்கிறது. கண் பார்ப்பதற்கு முன் கை உள்ளே செல்கிறது. வேலை முடிந்த களைப்பும், மாலை வெளிச்சம் மங்குவதும் இதற்குத் துணைபோகின்றன.

இன்னொரு செய்தியும் உண்டு. ஒற்றைக் கிளட்ச் உடைய டிராக்டரில் கனமான சுழல் கருவி பூட்டியிருந்தால், கிளட்சை மிதித்தாலும் சுழலும் கருவி தன் ஆற்றலைப் பல்சக்கரங்கள் வழியே சக்கரங்களுக்குத் திருப்பி அனுப்பி, டிராக்டரைச் சிறிது தூரம் முன்னே தள்ளக்கூடும். இதைத் தடுக்க ஒருவழி இணைப்பான் உண்டு. அது உள்ளதா என்பதை மெக்கானிக்கிடம் கேட்டறியலாம்.

பழைய டிராக்டர்கள் பலவற்றில் சாவியைத் திருப்பினால் மட்டும் டீசல் எஞ்சின் நிற்காது. டீசலை நிறுத்தும் தனிக் குமிழை இழுக்க வேண்டும். ஓட்டுநரே தண்டில் சிக்கிக்கொண்ட நேரத்தில், அருகிலிருந்த மனைவிக்கோ மகனுக்கோ அந்தக் குமிழ் எது என்று தெரியாவிடில், விலைமதிப்பற்ற நொடிகள் வீணாகும். இன்று மாலையே வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அதை ஒருமுறை இழுத்து எஞ்சினை நிறுத்திப் பழகுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். இக்கட்டுரையில் ஒன்றை மட்டுமே நினைவில் வைக்க இயலுமாயின், அது இதுவாக இருக்கட்டும்.

உடலுக்கு நேர்வது

சுழல் தண்டு உடலை வெட்டுவதில்லை, முறுக்குகிறது. எலும்பு சுருள் வடிவில் முறியும். தோல், கையுறையைக் கழற்றுவதுபோல் தசையிலிருந்து உரிந்துவிடும். கை இழுக்கப்படும்போது கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புகள் வேரோடு அறுபடக்கூடும். அத்தகைய நிலையில் கை வெளிப்பார்வைக்கு முழுமையாக இருந்தும் உணர்விழந்து தொங்கும். பெண்களுக்குக் கூந்தல் சிக்கினால் தலைத்தோல் உரியும். துப்பட்டாவோ முந்தானையோ சிக்கினால் கழுத்து நெரிபடும். வேட்டி, லுங்கி அணிந்த ஆடவர்க்குத் தொடையும் பிறப்புறுப்பும் காயமுறும். வெட்கத்தால் இதை மறைத்துத் தாமதமாக வருவோர் உண்டு. மறைக்க வேண்டியதில்லை, விரைந்து வந்தால் காப்பாற்ற இயலும்.

இக்காயங்களில் மண், கிரீஸ், சாணம், தவிடு ஆகியன ஆழமாகப் புகுந்திருக்கும். தனுர்வாதமும் சதையழுகலும் தோன்ற இவை போதும். வெளியே சிறிதாகத் தெரியும் காயத்தையும் அறுவை அரங்கில் திறந்து கழுவ வேண்டும் என்று நாங்கள் கூறுவதும், முதல் நாளே தையல் போடாமல் சில நாட்கள் திறந்து வைப்பதும் இதனாலேயே. "ஏன் இன்னும் தைக்கவில்லை?" என்று குடும்பத்தார் கவலையுறுவது இயல்பு. அழுக்கை உள்ளே வைத்துத் தைத்தால் முழுக் கையையும் இழக்க நேரிடும்.

விபத்து நேர்ந்தவுடன்

முதலில் எஞ்சினை நிறுத்துங்கள். சிக்கியவரை இழுக்காதீர்கள், எஞ்சினை மீண்டும் இயக்கித் தண்டை விடுவிக்கவும் முயலாதீர்கள். கழுத்தைச் சுற்றிய துணியை முதலில் வெட்டி, மூச்சுக்கு வழி செய்யுங்கள். 108 அழைத்துவிட்டு, கை உருளையில் சிக்கியிருந்தால் தீயணைப்பு மீட்புத் துறையையும் அழையுங்கள்.

இரத்தம் பெருகும் இடத்தைச் சுத்தமான துணியால் இடைவிடாமல் அழுத்துங்கள். அழுத்தியும் நில்லாமல் பீறிட்டால் மட்டும், காயத்துக்கு நான்கு விரற்கடை மேலே, மூட்டைத் தவிர்த்து, அகன்ற துணியால் இறுகக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்து வையுங்கள். கயிறும் கம்பியும் கூடாது. கட்டிய பின் வழியில் அவிழ்க்கலாகாது. காப்பித்தூள், மஞ்சள், மண், டீசல் எதையும் காயத்தில் இடாதீர்கள். அறுவைச் சிகிச்சை தேவைப்படலாமாதலால் தண்ணீரும் உணவும் கொடுக்க வேண்டாம்.

துண்டான விரலோ கையோ கிடைத்தால், நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டுங்கள். அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீருள்ள மற்றொரு பையில் வையுங்கள். பனிக்கட்டி நேரடியாகப் பட்டால் திசு கருகிவிடும். தசை உள்ள கையோ முன்கையோ குளிரூட்டப்படாமல் ஏறக்குறைய 6 மணி நேரத்துக்கு மேல் தாங்குவதில்லை. தசை குறைந்த விரல்கள் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். சாத்தூரிலிருந்து மதுரை ஏறக்குறைய 70 கிலோமீட்டர். களத்திலேயே காலம் கடத்தாவிடில், நுண்ணறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையை அடைய இந்நேரம் போதுமானது.

மருத்துவமனையில் விபத்து எவ்வாறு நேர்ந்தது என்பதை உள்ளபடியே கூறுங்கள். அது விபத்துப் பதிவேட்டில் பதியப்படும். ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1983ஆம் ஆண்டு இயற்றப்பட்டது; கதிரடிக்கும் இயந்திரங்கள் அதன் வரம்பில் வருகின்றன, இயக்கும்போது காயமுற்றோர்க்கு இழப்பீடும் அதில் கூறப்பட்டுள்ளது. முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்திலும் விபத்துக்கு உதவி உண்டு; உறுப்பினர்கள் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டறியலாம். பதிவேட்டில் "கீழே விழுந்தார்" என்றிருந்தால் இவ்வுதவிகள் கைக்கெட்டாமல் போகக்கூடும்.

வீடு திரும்பிய பின்

கையை இதயத்தின் மட்டத்துக்கு மேலே தலையணையில் உயர்த்தி வையுங்கள். கட்டுக்கு வெளியே உள்ள விரல்களை, மருத்துவர் அனுமதித்த அளவில், நாள்தோறும் பலமுறை மடக்கி நீட்டுங்கள். அசைக்காத விரல் விறைத்துவிடும். பீடி, சிகரெட், புகையிலை ஆகியன நுண்ணிய இரத்தக்குழாய்களைச் சுருக்கி, ஒட்டிய தோலையும் இணைத்த விரலையும் கருகச் செய்யும். நோயாளியின் அருகில் பிறர் புகைப்பதும் தீங்கே. நீரிழிவு உள்ளோர் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால்தான் புண் ஆறும்.

கையை இழந்தவர், இல்லாத கையில் வலி இருப்பதாகக் கூறினால் அது பொய்யோ மனக்குழப்பமோ அன்று. அறுபட்ட நரம்புகளும் மூளையும் உணரும் உண்மையான வலி. அதற்கு மருந்தும் பயிற்சியும் உள்ளன. தயங்காமல் எங்களிடம் கூறுங்கள்.

"மறுபடியும் டிராக்டர் ஓட்டலாமா?" என்ற கேள்வி பலரிடமிருந்து வருகிறது. பிழைப்பு அதில் இருக்கும்போது கேட்காமல் எவ்வாறு இருப்பர்? எலும்பு கூடியது மட்டும் போதாது. பிடியின் வலிமையும் தொடு உணர்வும் திரும்பியிருக்க வேண்டும். உணர்வற்ற விரல், துணி இழுபடுவதை அறியாது. நரம்பு வலிக்கான மாத்திரைகளும் சில வலிநிவாரணிகளும் உறக்கத்தை வரவழைக்கும். அவற்றை உட்கொள்ளும் காலத்தில் டிராக்டரிலோ கதிரடிக்கும் இயந்திரத்திலோ வேலை செய்யலாகாது. வலிப்பு நோய்க்கும் நீரிழிவுக்கும் சிகிச்சை பெறுவோர், வேலைக்குத் திரும்பும் முன் எங்களிடம் கலந்து பேச வேண்டும். அதுவரை விதை தேர்தல், கணக்கு, மேற்பார்வை போன்ற வேலைகளைக் குடும்பத்தார் ஒதுக்கிக் கொடுத்தால், அவர் மனம் தளராது.

களத்தில் ஒட்டிவைக்க

1. வேட்டியை மடித்து இறுகக் கட்டுக. துண்டு, துப்பட்டாவைக் களைந்து வைக்க. கூந்தலை முடிந்து துணிக்குள் செருகுக.

2. தண்டின் உறையும் அதன் சங்கிலியும் உள்ளனவா என்று நாள்தோறும் பார்க்க.

3. எஞ்சின் மெதுவாக ஓடும்போதே, குரல் கொடுத்து, பி.டி.ஓ.வை இணைக்க.

4. சுழலும் தண்டை எவரும் தாண்டலாகாது, சுற்றிப் போக.

5. அடைப்பு எடுக்குமுன்: பி.டி.ஓ.வைத் துண்டிக்க, எஞ்சினை நிறுத்துக, சாவியைக் கையில் எடுக்க, உருளை முற்றிலும் நின்றதைக் கண்ணால் காண்க. பின்னரே கை வைக்க.

6. களத்தில் பிள்ளைகள் இருப்பின் இயந்திரம் ஓடலாகாது.

இப்பக்கத்தைக் கத்தரித்து டிராக்டர் நிற்கும் கொட்டகையில் ஒட்டிக்கொள்ளலாம். வாடகை டிராக்டர் அமர்த்துவோர், வேலை தொடங்குமுன் ஓட்டுநரிடம் இதைக் காட்டி, தண்டுக்கு உறை உள்ளதா என்று கேட்பதில் தவறேதுமில்லை. கூலிக்கு வருவோரின் பாதுகாப்புக்கு, காட்டுக்குச் சொந்தக்காரரும் பொறுப்பாவார்.